வைட் + ரியாக்ட் பிடபிள்யூஏ: இன்ஸ்டால் ஆகிவிடுகிறது, அப்டேட்தான் போய்ச் சேர மாட்டேன் என்கிறது

நிரல்வண்டு:

வணக்கம். களத்தில் ஆய்வுக்குப் போகிறவர்கள் நிரப்பும் படிவ ஆப் ஒன்று, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதி, வைட் என்ற கருவியில் பில்ட் செய்கிறேன். ஸ்டோர் பக்கம் போக இப்போதைக்கு நேரமும் இல்லை மனமும் இல்லை. அதனால் பிடபிள்யூஏவாக (ஆப் போல நிறுவிக்கொள்ளக்கூடிய இணையதளமாக) ஆக்க வைட் பிடபிள்யூஏ ப்ளகினைப் போட்டு, மேனிஃபெஸ்ட் (ஆப்பின் பெயர், ஐகான் முதலியவற்றைச் சொல்லும் ஃபைல்) எழுதி, ஐகான் வைத்து, பிரவுசரிலிருந்தே இன்ஸ்டால் செய்துகொள்ளும்படி கொடுத்துவிட்டேன்.

முதல் சந்தேகம் சின்னது. "ஆப்பை நிறுவு" என்று நானே ஒரு பட்டன் வைத்திருக்கிறேன், அது ஆன்ட்ராய்டு குரோமில் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை, ஐஃபோனில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் அதே வைஃபையில் இருக்கும் ஃபோனில் லேப்டாப்பின் ஐபி முகவரியைத் திறந்தால் இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை. லைட்ஹவுஸில் (குரோமின் தளச் சோதனைக் கருவி) பிடபிள்யூஏ பகுதியைப் பாருங்கள் என்று பழைய கட்டுரைகளில் இருக்கிறது, என்னிடம் அப்படி ஒரு பகுதியே காணோம்.

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. புதிய பதிப்பை டெப்ளாய் செய்தால் சிலருக்கு உடனே வருகிறது, சிலருக்கு நாட்கணக்கில் பழையதே இருக்கிறது, இன்னும் சிலருக்கு ஏதோ ஒரு பக்கத்துக்குப் போகும்போது வெறும் வெள்ளைத் திரை. அவர்களை "ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்ல முடியும்? ப்ளகின் அமைப்பில் ரெஜிஸ்டர் டைப் என்ற இடத்தில் ஆட்டோ அப்டேட் போட்டிருக்கிறேன், பெயரைப் பார்த்தால் தானாக அப்டேட் ஆக வேண்டும். பயனரைக் கேட்டு மாற்றும் ப்ராம்ப்ட்டுக்கு மாற்றலாமா? இல்லை, பிரச்சினை வேறு எங்காவது இருக்கிறதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


முன்முனை:

இன்ஸ்டால் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், அப்டேட் கதை நீளம், அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஐபி முகவரியில் வராததற்குக் காரணம் எச்டிடிபிஎஸ். லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் பிரவுசர் விலக்கு கொடுத்து அதைப் பாதுகாப்பான இடமாக எடுத்துக்கொள்ளும், வைஃபையில் கிடைக்கும் ஐபிக்கு அந்தச் சலுகை இல்லை. ஃபோனை யூஎஸ்பியில் செருகி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் ஃபோனும் அதை லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைத்துக்கொள்ளும். சர்ட்டிஃபிகேட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

லைட்ஹவுஸில் தேடுவதை விடுங்கள், 2024ல் வந்த 12ஆம் பதிப்பிலேயே பிடபிள்யூஏ பகுதியை எடுத்துவிட்டார்கள். டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் தாவலுக்குள் மேனிஃபெஸ்ட் என்று இருக்கிறதே, அங்கேயே எது குறைகிறது என்று எழுதிக் காட்டும். குரோம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: பெயர், 192 மற்றும் 512 பிக்சலில் ஐகான், ஸ்டார்ட் யூஆர்எல், டிஸ்ப்ளே என்ற இடத்தில் ஸ்டாண்டலோன் மாதிரி ஒரு மதிப்பு. இவை எல்லாம் இருந்தும், பயனர் பக்கத்தில் ஒரு முறையாவது எதையாவது தொட்டிருக்க வேண்டும், மொத்தம் 30 விநாடியாவது பார்த்திருக்க வேண்டும். திறந்த உடனே பட்டன் வரவில்லை என்று நாம் பதறுவது பாதி நேரம் இதனால்தான். இன்காக்னிட்டோவில் சோதிக்காதீர்கள், அங்கே இன்ஸ்டாலே கிடையாது.

"சில சமயம் வருகிறது" என்பதற்கு ஃப்ரேம்வொர்க் சார்ந்த காரணம் ஒன்று உண்டு, அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இன்ஸ்டால் செய்யலாம் என்று குரோம் அறிவிக்கும் பிஃபோர் இன்ஸ்டால் ப்ராம்ப்ட் என்ற ஈவென்ட்டை எங்கே பிடிக்கிறீர்கள்? பட்டன் காம்பொனென்டுக்குள் யூஸ் எஃபெக்டில் பிடித்தால், அந்தக் காம்பொனென்ட் திரைக்கு வருவதற்கு முன்பே ஈவென்ட் வந்து போயிருக்கலாம். ஏற்கெனவே சில தடவை வந்து போன பயனருக்கு அது பக்கம் ஏறியதும் வந்துவிடும், ரியாக்ட் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். மெயின் ஃபைலின் தலையிலேயே, ரியாக்ட் தொடங்குவதற்கு முன், லிசனரைப் போட்டு ஈவென்ட்டை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டன் வரும்போது அந்த மாறியைப் பார்க்கட்டும். ஒரு ஈவென்ட்டில் ப்ராம்ப்ட்டை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட முடியும், அதுவும் பயனர் தொட்டதன் விளைவாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவருக்கு ஈவென்ட் வராது, அது சரியான நடத்தைதான்.

ஐஃபோனில் அந்த ஈவென்ட்டே இல்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் இல்லை. ஐஃபோனில் பகிர்வு மெனுவைத் திறந்து முகப்புத் திரையில் சேர்க்கச் சொல்லி நீங்கள் படம் போட்டுக் காட்டுவது ஒன்றுதான் வழி. ஐஓஎஸ் 16.4க்கு முன்பு வரை சஃபாரியில் மட்டும்தான் அதுவும் முடியும், 2023 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து மற்ற பிரவுசர்களுக்கும் திறந்துவிட்டார்கள். வெப் புஷ்ஷும் (அறிவிப்பு அனுப்பும் வசதி) அதில்தான் வந்தது, முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புகளுக்கு மட்டும். டிஸ்ப்ளே மோட் ஸ்டாண்டலோனா என்று மீடியா க்வெரியில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் அந்த உதவிக் குறிப்பைக் காட்டுங்கள், ஏற்கெனவே சேர்த்தவரிடம் மறுபடி மறுபடி கேட்டால் கடுப்பாவார்.

உங்கள் ஆப்பில் லாகின் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐஃபோனில் முகப்புத் திரை ஆப்புக்கும் சஃபாரிக்கும் சேமிப்பிடம் தனித்தனி. சஃபாரியில் லாகின் செய்தவர் ஆப்பைத் திறந்ததும் மறுபடி லாகின் கேட்கும். மின்னஞ்சலில் லிங்க் அனுப்பி லாகின் செய்ய வைக்கிறீர்கள் என்றால் போச்சு, லிங்க்கைத் தட்டினால் பிரவுசரில் லாகின் ஆகும், ஆப்பு அப்படியே வெளியே நிற்கும். லிங்க்குக்குப் பதில் தட்டச்சு செய்யும் எண் அனுப்புங்கள்.

ஐகானில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆன்ட்ராய்டுக்கு மாஸ்கபிள் ஐகானைத் தனிப் படமாகக் கொடுங்கள், நடுவில் 80 சதவீத விட்டமுள்ள வட்டத்துக்குள் சின்னம் அடங்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு வேலைக்கும் போட்டால் ஒரு இடத்தில் காது மூக்கு வெட்டுப்படும், இன்னொரு இடத்தில் சின்னதாகத் தெரியும். ஆப்பிள் டச் ஐகானில் பின்னணியைக் காலியாக விட்டால் ஐஃபோன் கறுப்பைப் பூசிவிடும்.


ஓடைக்கல்:

வெள்ளைத் திரைக்கு வருவோம். இன்ஸ்டால் ஒரு மாலை வேலை. அப்டேட் என்பது ஆப்பு உயிரோடு இருக்கும்வரை கூடவே வரும் வேலை, ஆனால் எந்த டுட்டோரியலும் இன்ஸ்டால் ஐகான் வந்ததும் கைதட்டிவிட்டு முடிந்துவிடுகிறது.

முதலில் பழையதே ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். சர்வீஸ் வொர்க்கர் என்பது பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் பிரவுசர் ஓட்டும் ஸ்கிரிப்ட், ஃபைல்களைச் சேமித்து ஆஃப்லைனில் கொடுப்பது அதுதான். அதன் புதிய பதிப்பு வந்தால் அது இன்ஸ்டால் ஆகி, பிறகு காத்திருக்கும். பழைய வொர்க்கரின் கையில் ஒரு பக்கமாவது திறந்திருக்கும் வரை புதியதற்கு முறை வராது. ஒரே ஒரு தாவல் இருந்து அதை ரீலோட் செய்தாலும் வராது, ஏனென்றால் புதுப் பக்கத்தின் பதில் வரும்வரை பழைய பக்கம் இருந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் மூட வேண்டும். ஃபோனில் யார் ஆப்பை மூடுகிறார்கள்? இதைத் தாண்டத்தான் ஸ்கிப் வெயிட்டிங். நீங்கள் போட்டிருக்கும் ஆட்டோ அப்டேட் அதையும், திறந்திருக்கும் பக்கங்களை உடனே கையில் எடுக்கும் க்ளையன்ட்ஸ் க்ளெய்மையும் சேர்த்தே போட்டுவிடும்.

அப்படியானால் ஏன் நாட்கணக்கில் வரவில்லை? பிரவுசர் புது வொர்க்கர் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியமாக ஒரு பக்கம் புதிதாக ஏறும்போது. ரியாக்ட் ரவுட்டரில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது பிரவுசர் கணக்கில் பக்கம் ஏறுவதே இல்லை, முகவரிப் பட்டையில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். காலையில் திறந்து, பின்னணியில் விட்டு, மறுநாள் அதே ஆப்பை முன்னால் கொண்டுவருகிற ஆளுக்குச் சோதனையே நடக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரேஷனின் அப்டேட் ஃபங்ஷனை நீங்களே கூப்பிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை, அப்புறம் ஆப்பு மறுபடி திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும். விசிபிலிட்டி சேஞ்ச் ஈவென்ட்டில் கட்டிவிடுங்கள், இரண்டு மூன்று வரிதான்.

இப்போது வெள்ளைத் திரை. உங்கள் ரவுட்கள் லேஸியாக, அதாவது அந்தந்தப் பக்கத்துக்குப் போகும்போது மட்டும், ஏறுகின்றனவா? வைட் ஒவ்வொரு பில்டிலும் துண்டு ஃபைல்களின் பெயரில் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) ஒட்டும், உள்ளே மாறினால் ஹாஷும் மாறும். பயனர் நேற்றைய பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். பின்னணியில் புது வொர்க்கர் வந்து, ஸ்கிப் வெயிட்டிங்கில் முன்னால் குதித்து, ஆக்டிவேட் ஆகும்போது பழைய ப்ரீகேஷை (முன்கூட்டியே சேமித்து வைத்த ஃபைல்களை) துடைத்துவிடுகிறது. அவர் இதுவரை போகாத ஒரு பக்கத்தைத் தட்டுகிறார். நேற்றைய கோடு நேற்றைய ஹாஷில் ஃபைல் கேட்கும். கேஷில் இல்லை. சர்வரிலும் நீங்கள் டெப்ளாயில் பழையதை அழித்துவிட்டீர்கள். இதில் சர்வர் நேர்மையாக 404 சொன்னால்கூடப் பரவாயில்லை, ஒற்றைப் பக்க ஆப் என்பதால் தெரியாத முகவரிக்கெல்லாம் இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லைக் கொடு என்று எழுதி வைத்திருப்போம், ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வந்து நிற்கும். கன்சோலில் மைம் டைப் பிழை, திரையில் வெள்ளை.

ப்ளகினின் விர்ச்சுவல் மாட்யூல் வழியாக ரெஜிஸ்டர் செய்திருந்தால் ஆட்டோ அப்டேட்டில் புது வொர்க்கர் ஆக்டிவேட் ஆனதும் பக்கம் தானாக ரீலோட் ஆகிவிடும், இந்தச் சிக்கல் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அப்போது பாதி நிரப்பிய படிவம் கண் முன்னால் காணாமல் போகும், படிவ ஆப்புக்கு அது இதைவிட மோசம். ப்ளகின் தானாகச் செருகும் சின்ன ஸ்கிரிப்டை மட்டும் நம்பியிருந்தால் ரீலோட் நடக்காது, வெள்ளைத் திரை வரும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்று தோன்றுகிறது.

ஆக ப்ராம்ப்ட்டுக்கு மாறுங்கள். புதியது காத்திருக்கட்டும், பழைய பக்கம் பழைய ப்ரீகேஷோடு ஒழுங்காக ஓடட்டும், கீழே ஒரு பட்டையில் "புதிய பதிப்பு தயார்" என்று காட்டுங்கள், அவர் தட்டினால் மாறட்டும். ரியாக்டுக்கென்றே யூஸ் ரெஜிஸ்டர் எஸ்டபிள்யூ என்று ஒரு ஹுக் ப்ளகினில் இருக்கிறது. சர்வரிலும் பழைய ஹாஷ் ஃபைல்களைச் சில பதிப்புகளுக்காவது விட்டு வையுங்கள். டெப்ளாய் செய்யும்போது ஃபோல்டரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடும் பழக்கம் இங்கே ஆகாது.


அரைக்கோடு:

எல்லாம் சரி, ஒரு அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆஃப்லைன் தேவையா? இன்ஸ்டால் ஆக சர்வீஸ் வொர்க்கர் கட்டாயம் என்பது பழைய கதை. மொபைல் குரோமில் 108லிருந்தும் டெஸ்க்டாப்பில் 112லிருந்தும் அந்த நிபந்தனை போய்விட்டது, மேனிஃபெஸ்ட் இருந்தால் போதும். ஐஃபோனில் எப்போதுமே அது தேவைப்பட்டதில்லை. பழைய டுட்டோரியல்களில் இன்ஸ்டால் வரவேண்டும் என்பதற்காகவே ஒன்றும் செய்யாத ஃபெட்ச் ஹேண்ட்லர் (வொர்க்கரில் நெட் கோரிக்கைகளைப் பிடிக்கும் கோடு) ஒன்றை எழுதச் சொல்வார்கள், அது இன்றைக்கு வெறும் பாரம். குரோம் அதைக் கண்டுபிடித்து ஓரமாக ஒதுக்கியே விடுகிறது.

எப்போதும் நெட் இருக்கும் அலுவலக டாஷ்போர்டு மாதிரி ஆப்பென்றால் வொர்க்கரையே போடாதீர்கள் என்பதுதான் என் வாதம். மேனிஃபெஸ்ட்டை மட்டும் வையுங்கள், ஹாஷ் ஃபைல்களுக்கு ஒரு வருட கேஷ் ஹெட்டர், இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்கு நோ கேஷ், முடிந்தது. ஓடைக்கல் எழுதிய பாதித் தொல்லை உங்களுக்கு வரவே வராது. புஷ் வேண்டும் என்றால் வொர்க்கர் வேண்டும்தான், ஆனால் புஷ்ஷை மட்டும் கவனிக்கும், ஃபெட்ச்சில் தலையிடாத ஒரு குட்டி வொர்க்கர் எழுதலாம், அது எதையும் கேஷ் செய்யாததால் பழைய பதிப்பு என்ற பேச்சே எழாது.

அப்புறம், ஆட்டோ அப்டேட்டை இவ்வளவு திட்ட வேண்டியதில்லை. பார்ப்பதற்கு மட்டுமான ஆப், அட்டவணை, விலைப்பட்டியல், கையேடு மாதிரி, அதில் ரீலோட் ஆனால் யாருக்கு என்ன நட்டம்? அந்த "புதிய பதிப்பு தயார்" பட்டையைப் பெரும்பாலானவர்கள் தட்டுவதே இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள்.


நிரல்வண்டு:

விரிவான பதில்களுக்கு நன்றி. ஈவென்ட்டை மெயின் ஃபைலுக்கு நகர்த்தினேன், பட்டன் இப்போது ஒழுங்காக வருகிறது.

@அரைக்கோடு, ஆஃப்லைன் கண்டிப்பாக வேண்டும். இவர்கள் போகும் இடங்களில் சிக்னல் நம்ப முடியாது. சிலர் கட்டடத்தின் அடித்தளத்தில் நின்றுகொண்டு நிரப்புகிறார்கள்.

@ஓடைக்கல், ஆமாம், ரவுட்கள் எல்லாம் லேஸி, ஸ்கிரிப்ட் தானாகச் செருகியதுதான். ஹுக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை: சிலருக்கு வெள்ளைத் திரை ஆப்பைத் திறக்கும்போதே வருகிறது, உள்ளே போகும்போது அல்ல, எத்தனை தடவை மூடித் திறந்தாலும் அதேதான். அடுத்த டெப்ளாய் போட்டதும் தானாகச் சரியாகிவிடுகிறது. சர்வருக்கு முன்னால் ஒரு சிடிஎன் (ஃபைல்களின் நகலை வைத்துக் கொடுக்கும் இடைச் சர்வர்) இருக்கிறது. இதைத் தவிர, லாகின் முடிந்து சர்வரின் கால்பேக் முகவரிக்குத் திரும்பும்போது இன்ஸ்டால் செய்தவர்களுக்கு மட்டும் ரியாக்டின் "பக்கம் இல்லை" திரை வருகிறது. இரண்டும் ஒரே காரணமா?


ஓடைக்கல்:

இரண்டும் வேறு வேறு. சின்னதை முதலில் முடிக்கலாம். நேவிகேட் ஃபால்பேக் என்ற ஒன்று இருக்கிறது, எந்தப் பக்க முகவரி கேட்டாலும் வொர்க்கர் ப்ரீகேஷில் இருக்கும் இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லைத் தூக்கிக் கொடுக்கும், சர்வருக்குப் போகவே போகாது. கால்பேக் முகவரிக்கும் அதையே கொடுத்திருக்கிறது. டினைலிஸ்ட் என்ற இடத்தில் அந்த முகவரியையும், ஏபிஐ முகவரிகளையும், சர்வரே தரும் டவுன்லோட் லிங்க் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

திறக்கும்போதே வெள்ளை என்றால் சிடிஎன்தான். வொர்க்கர் ஃபைலைப் பிரவுசர் இப்போதெல்லாம் தன் சொந்த எச்டிடிபி கேஷைத் தாண்டித்தான் கேட்கும், ப்ரீகேஷுக்கான இண்டெக்ஸ் எச்டிஎம்எல்லையும் வொர்க்பாக்ஸ் (ப்ளகின் உள்ளே பயன்படுத்தும் நூலகம்) அப்படியே ரீலோட் முறையில்தான் கேட்கும். ஆனால் இது பிரவுசரின் கேஷைத்தான் தாண்டும், நடுவில் இருக்கும் சிடிஎன்னை அல்ல. டெப்ளாய் ஆன அந்தச் சில நிமிடங்களில் சிடிஎன் புது வொர்க்கரையும் பழைய இண்டெக்ஸையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புது வொர்க்கர் பழைய இண்டெக்ஸைப் புதியது என்று நம்பி ப்ரீகேஷில் பூட்டி வைத்துக்கொள்ளும். வொர்க்பாக்ஸ் ரிவிஷன் எண்ணை வைத்திருக்கிறதே தவிர, வந்த உள்ளடக்கம் அந்த எண்ணுக்குரியதுதானா என்று சரிபார்ப்பதில்லை. அந்த இண்டெக்ஸ் கேட்கும் ஸ்கிரிப்ட் புது ப்ரீகேஷில் இல்லை, சர்வரிலும் இல்லை. திறக்கும்போதெல்லாம் வெள்ளை. அடுத்த டெப்ளாயில் இண்டெக்ஸின் ரிவிஷன் மாறுவதால் மறுபடி எடுக்கும், சரியாகிவிடும். நீங்கள் சொன்ன அறிகுறி அச்சு அசல் இதுதான்.

எனவே வொர்க்கர் ஃபைல், இண்டெக்ஸ், மேனிஃபெஸ்ட் மூன்றையும் சிடிஎன் கேஷ் செய்யாதபடி ஹெட்டர் வையுங்கள். ஏற்றும் வரிசையும் முக்கியம்: ஹாஷ் ஃபைல்கள் முதலில், பிறகு இண்டெக்ஸ், கடைசியில் வொர்க்கர்.

ப்ரீகேஷ் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபைல் சர்வரில் 404 ஆனாலும் புது வொர்க்கரின் இன்ஸ்டால் மொத்தமாகத் தோற்றுவிடும், பழையது சத்தமில்லாமல் தொடரும். யாரோ ஒரு ஐகானை டெப்ளாயில் விட்டுவிட்டார்கள் என்பதற்காக யாருக்குமே அப்டேட் போகாமல் இருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இயல்பில் 2 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை வொர்க்பாக்ஸ் ப்ரீகேஷில் சேர்க்காது என்பதையும் பாருங்கள், பெரிய பண்டில் ஆஃப்லைனில் மட்டும் காலை வாரினால் அதுதான் காரணம்.

வொர்க்கர் ஃபைலின் பெயரை மட்டும் எந்தக் காலத்திலும் மாற்றாதீர்கள். பழைய பயனரின் கையில் இருக்கும் இண்டெக்ஸ் பழைய பெயரைத்தான் கேட்கும். அங்கே 404 வந்தாலும், எச்டிஎம்எல் வந்தாலும், அப்டேட் தோற்று பழைய வொர்க்கர் அப்படியே உட்கார்ந்திருக்கும். எல்லாம் கைமீறிப் போனால் செல்ஃப் டெஸ்ட்ராயிங் என்று ப்ளகினில் ஒரு அமைப்பு உண்டு, அதே பெயரில் தன்னையே நீக்கிக்கொள்ளும் ஒரு வொர்க்கரை பில்ட் செய்து கொடுக்கும். அதை முதல் நாளே ஒரு தடவை சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

அரைக்கோடு சொன்னதில் பட்டையை யாரும் தட்டுவதில்லை என்பது உண்மைதான். அதற்கு நான் செய்வது: புதியது காத்திருக்கும்போது, பயனர் படிவத்தைச் சமர்ப்பித்து முகப்புக்குத் திரும்பும் தருணத்தில், சேமிக்காத எதுவும் இல்லை என்றால் கேட்காமலே மாற்றிவிடுவேன். நடுவில் இருந்தால் தொட மாட்டேன்.


கோணல்மாணல்:

ஆங்குலர் (ரியாக்டுக்குப் பதிலான இன்னொரு ஃப்ரேம்வொர்க்) ஆள் ஒருவனும் இங்கே இருக்கிறேன் என்று பதிவு செய்துகொள்கிறேன், சண்டைக்கு வரவில்லை. மேலே ஓடைக்கல் சொன்ன, பழைய ஃபைலும் புது ஃபைலும் கலக்கும் பிரச்சினைக்காகவேதான் ஆங்குலரின் சர்வீஸ் வொர்க்கர் வேறு மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. என்ஜி ஆட் கட்டளையில் பிடபிள்யூஏவைச் சேர்த்தால், பில்டில் எல்லா ஃபைல்களின் ஹாஷும் அடங்கிய ஒரு ஜேசன் உருவாகும். இறங்கிய ஃபைலின் ஹாஷ் பொருந்தவில்லை என்றால் கேஷைத் தாண்டும்படி முகவரியில் ஒட்டுப்போட்டு மறுபடி கேட்கும், அப்போதும் பொருந்தவில்லை என்றால் அந்தப் பதிப்பையே ஏற்காது. ஒரு தாவல் எந்தப் பதிப்பில் திறந்ததோ அதிலேயே கடைசிவரை ஓடும், புதுத் தாவலுக்குத்தான் புதுப் பதிப்பு. அந்த ஜேசன் சர்வரில் 404 ஆனால் வொர்க்கர் தன் கேஷைத் துடைத்துவிட்டுத் தானே விலகிக்கொள்ளும்.

இதற்காக ஃப்ரேம்வொர்க் மாறச் சொல்லவில்லை. அங்கேயும் தொல்லை உண்டு. சேமிப்பிடம் குறைந்து பிரவுசர் கேஷில் சிலவற்றை மட்டும் துடைத்துவிட்டு, சர்வரிலும் அந்தப் பழைய ஃபைல் இல்லை என்றால் அன்ரெகவரபிள் என்று ஒரு நிலை வரும், அதைக் கேட்டுக்கொண்டிருந்து ரீலோட் செய்ய வைப்பது நம் பொறுப்பு. ஆப்பு ஸ்டேபிள் ஆன பிறகு, இல்லாவிட்டால் 30 விநாடி கழித்து ரெஜிஸ்டர் செய் என்பது இயல்பு அமைப்பு, பின்னால் ஓயாமல் டைமர் ஓடினால் அந்த 30 விநாடி எப்போதும் முழுதாகப் போகும். ஸ்வெல்ட்கிட் என்ற ஃப்ரேம்வொர்க்கில் வொர்க்கர் ஃபைலை வைத்தாலே ரெஜிஸ்டர் ஆகிவிடும், ஆனால் கேஷ் உத்தியை நீங்களே எழுத வேண்டும். எதை எடுத்தாலும் பழைய பக்கம், புது வொர்க்கர் என்ற கேள்விக்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.


முன்முனை:

படிவங்களின் தரவைப் பற்றி யாரும் பேசவில்லையே. சமர்ப்பிக்காததை இண்டெக்ஸ்ட் டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) வையுங்கள், ஒவ்வொரு படிவத்துக்கும் ஃபோனிலேயே தனி ஐடி உருவாக்குங்கள். சிக்னல் அரைகுறையாக இருக்கும் இடத்தில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் போகும், ஆப்பு மறுபடி அனுப்பும், ஐடி இருந்தால்தான் சர்வர் இரட்டைப் பதிவைத் தவிர்க்க முடியும். பேக்ரவுண்ட் சிங்க்கை (சிக்னல் வந்ததும் பின்னணியிலேயே அனுப்பும் வசதி) மட்டும் நம்பாதீர்கள், குரோமியம் வகைப் பிரவுசர்களில்தான் அது உண்டு. ஐஃபோன்காரருக்கு ஆப்பு திறக்கும்போதும் திரைக்கு வரும்போதும் வரிசையில் நிற்பதை அனுப்புவதுதான் வழி. ஆன்லைனா என்று நேவிகேட்டர் சொல்வதும் வைஃபையோடு இணைந்திருக்கிறதா என்ற அளவுக்குத்தான், அனுப்பிப் பார்ப்பதே சோதனை.

ஸ்டோரேஜ் பெர்சிஸ்டையும் கேட்டுவிடுங்கள், இடம் குறையும்போது பிரவுசர் உங்கள் தரவில் கைவைக்காமல் இருக்க அது உதவும். சஃபாரி 2020லிருந்து, பயன்படுத்தும் நாட்களில் 7 நாள் எட்டிப் பார்க்காத தளத்தின் தரவைத் துடைத்துவிடும், முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்கு அந்தக் கணக்கு தனி. அதனால் ஐஃபோனில் ஆஃப்லைன் படிவம் நிரப்புபவர் தாவலில் வேலை செய்யாமல் சேர்த்துவிட்டுச் செய்வதே பாதுகாப்பு, அதை அந்த உதவிக் குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

டிபியின் அமைப்பை மாற்றி பதிப்பு எண்ணை ஏற்றும்போது பழைய பதிப்பு இன்னொரு தாவலில் திறந்திருந்தால் மேம்படுத்தல் அங்கேயே தடைப்பட்டு நிற்கும். பழைய பக்கத்தில் வெர்ஷன் சேஞ்ச் ஈவென்ட்டைப் பிடித்து இணைப்பை மூடும் கோடு இப்போதே இருக்க வேண்டும், பிறகு சேர்த்தால் ஏற்கெனவே வெளியே போன பதிப்புக்கு அது தெரியாது.


நிரல்வண்டு:

சிடிஎன் ஹெட்டரைப் பார்த்தேன், இண்டெக்ஸ் அங்கே பத்து நிமிடம் தங்குகிறது, வொர்க்கர் ஃபைலுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஓடைக்கல் சொன்ன அதே கூட்டு. மாற்றிவிட்டேன், ஏற்றும் வரிசையையும் ஸ்கிரிப்டில் பிரித்துவிட்டேன். ப்ராம்ப்ட் பதிப்பு நாளைக்குப் போகிறது.

கடைசியாக ஒன்று: எத்தனை பேர் இன்ஸ்டால் செய்த ஆப்பிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணுவதற்காக ஸ்டார்ட் யூஆர்எல்லில் ஒரு க்வெரி சேர்க்கலாம் என்றிருக்கிறேன். ஏற்கெனவே போட்டவர்களுக்கு ஏதாவது ஆகுமா?


ஓடைக்கல்:

மேனிஃபெஸ்ட்டில் ஐடி கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் குரோம் ஸ்டார்ட் யூஆர்எல்லையே ஆப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும், அதை மாற்றினால் வேறு ஆப்பு என்று நினைக்கும், பழையவர்கள் பழைய மேனிஃபெஸ்ட்டோடு தங்கிவிடுவார்கள். டெவ்டூல்ஸில் மேனிஃபெஸ்ட் பகுதியில் இப்போது எந்த ஐடியாகக் கணக்கிடுகிறது என்று காட்டும், அதையே அப்படியே ஐடி என்று எழுதி ஒரு பதிப்பு அனுப்புங்கள், அதற்குப் பிறகு க்வெரியைச் சேர்க்கலாம். எண்ணுவதற்கு மட்டும்தான் என்றால் டிஸ்ப்ளே மோடைப் பார்த்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்பினாலே போதும், மேனிஃபெஸ்ட்டைத் தொடவே வேண்டாம்.